பெட்ரோல் மூடிக்கு ஒரு பூட்டு

ஐந்து லாரி. அவை நிற்பதற்குச் சங்கரன்கோவிலுக்கு வெளியே முக்கால் ஏக்கரில் ஒரு ஷெட். மேலும் கீழுமாக ஆறு அறை உள்ள வீடு. ராயகிரிப் பக்கம் நாலு ஏக்கர் எலுமிச்சைத் தோப்பு. அதில் ஒரு போர்வெல். இரண்டு இடத்தில் வெறும் புகையாகக் கிளம்பி மூன்றாவது இடத்தில் தண்ணீர் கொடுத்தது. கப்பலில் என்ஜினியராக ஒரு மகன். இவ்வளவும் நான் உண்டாக்கியது. எனக்கு யாரும் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினோரு வயதில் புளியங்குடி மண்டியில் எலுமிச்சை மூட்டை தூக்கினேன். பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்த லாரி. அந்த முதல் லாரி ஆரியங்காவு இறக்கத்தில் கவிழ்ந்து, எலுமிச்சங்காய் பூராவும் ஓடையில் மிதந்து போனதை நின்று பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அதே லாரியை நிமிர்த்தி அதே ரோட்டில் ஓட்டினேன். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. செய்தவன் சொல்லலாம்.

கூச்சம் எல்லாம் ஒரு காரைப் பற்றித்தான். அந்தக் காரைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் லாரிக்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒவ்வொரு முதலாளியும் தன் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்திருப்பான். இந்த வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்க வேண்டும், அந்த வண்டி ஐந்து கொடுக்க வேண்டும் என்று. டேங்க்கைத் தலை தட்ட நிரப்பி அனுப்புவோம். திரும்பி வந்ததும் மறுபடி தலை தட்ட நிரப்புவோம். ஓடிய கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் பிடிக்க வேண்டுமோ அதற்கு மேல் பிடித்தால் டிரைவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால், அவன் வழியில் டியூப் போட்டு டீசலை உறிஞ்சி விற்றுவிட்டான் என்று அர்த்தம். வண்டி பொய் சொல்லாது, டிரைவர்தான் சொல்லுவான் என்பது என் பேச்சு. இதை நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போடுவதும் அதனால்தான்.

அந்தக் காரைக் கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் வாங்கினேன். வளைகுடாவிலிருந்து லீவில் வரும்போது மட்டும் ஓட்டியவர். குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டு போவதால் விற்றார். பெட்ரோல் வண்டி. என்ஜின் பெரிது, இரண்டாயிரத்து நானூறு சிசி. அவ்வளவு பெரிய பெட்ரோல் என்ஜின் எங்கள் பக்கத்தில் மொத்தமே இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாது. ஆயுசு பூராவும் டீசல் சத்தத்தில் கிடந்தவனுக்கு அது ஒரு சொகுசு. சாவியைக் கையில் கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "நீண்ட ஓட்டத்துக்கு நல்ல வண்டி மாமா. ஊருக்குள்ள மட்டும் ஓட்டாதீங்க. குடிக்கும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கிய மாதமே ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனேன். மதுரையில் தலை தட்ட நிரப்பி, நாலுவழிச் சாலையில் கால் அசையாமல் எண்பதிலேயே விட்டு, விழுப்புரம் தாண்டி மறுபடி நிரப்பினேன். எனக்கு வகுத்தல் கணக்கு வராது. ஓடிய கிலோமீட்டரிலிருந்து, பிடித்த ஒவ்வொரு லிட்டருக்கும் பத்து, பன்னிரண்டு என்று கழித்துப் பார்த்து, கடைசியில் பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். சரியாக வந்தது. பதிமூன்று. அன்றைக்கே அந்தக் காருக்கு எண் விழுந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் லாரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற இடம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே டீசல் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் டீ வாங்கி, டயருக்குக் காற்று அடிக்கிற இடத்தருகே நின்று குடிப்போம். நான் அங்கே பதிமூன்றைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"அண்ணாச்சி, இம்புட்டுப் பெரிய பெட்ரோல் வண்டி பதிமூணு குடுக்குன்னா நம்புத மாதிரியா இருக்கு?" என்பார் பங்க் மேனேஜர்.

"ஓட்டுறவன் ஓட்டுனா குடுக்கும்வே. நீரு ஓட்டுனா மூணு குடுக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

என் மருமகள் ராயகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறவள். அதற்கென்று படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய அரசாங்க வேலை. பிறந்த வீடு வாசுதேவநல்லூர். மகன் ஆறு மாதம் கடலில் இருப்பான். அவளும் ஐந்து வயதுப் பேத்தியும் எங்களோடு. வேலைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு சின்னக் கார் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாள். நான்தான் விடவில்லை. வாசலில் யானை நிற்கும்போது ஆட்டுக்குட்டி எதற்கு என்று கேட்டேன். பெரிய காரை எடுத்துக்கொண்டு போ, பெட்ரோல் என் பொறுப்பு என்றேன். அந்தக் கார் தினமும் அந்த ரோட்டில் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும், யார் வீட்டு வண்டி என்று கேட்க வேண்டும். அதுதான் உள்ளே இருந்த ஆசை. அவளுக்கு வசதி செய்து கொடுக்கிறேன் என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே காரைப் பங்க்குக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவேன். திங்கள் முதல் சனி வரை அவள் ஓட்டுவாள். ஆறு நாளைக்கு இருநூற்று எழுபது. பதிமூன்று என்றால் இருபத்தொரு லிட்டர் பிடிக்க வேண்டும். முதல் ஞாயிறு முப்பத்துமூன்றரை பிடித்தது. பங்க்கில் அளவு தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு முப்பத்துநாலு. அதற்கடுத்த ஞாயிறு முப்பத்துமூன்று.

அவளே வந்து சொன்னாள். சமையலறை வாசலில் நின்று, கையில் பேத்தியின் டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, இந்த வண்டி எட்டுதான் குடுக்கு. நான் வகுத்துப் பாத்தேன்."

"எந்த ரோட்டுல ஓட்டிப் பாத்த?"

"நான் போற ரோட்டுலதான். வேற ரோட்டுல எனக்கு என்ன வேல?"

"நான் ஓட்டும்போது பதிமூணு குடுத்த வண்டிம்மா."

"நீங்க ஓட்டுனது நாலுவழி. இங்க ஊருக்கு ஊரு ஸ்பீடு பிரேக்கர். ரயில்வே கேட்டுல பத்து நிமிசம் நிக்குது. கரும்பு லோடு டிராக்டர் பின்னால ரெண்டாவது கியர்ல போறேன். அது எப்படிக் குடுக்கும்?"

இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொன்ன பிறகும் எனக்கு ஏறவில்லை. வண்டியைப் பற்றி எனக்கு ஒரு பெண் பிள்ளை சொல்வதா என்று இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மனசுக்குள் அவளுடைய தம்பியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வாசுதேவநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். பைக் வைத்திருந்தான். அம்மா ஏதாவது ருசியாகச் செய்தால் ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அக்காவின் சுகாதார நிலையத்துக்கு வருவான். கார் அங்கே வேப்ப மரத்தடியில் நிற்கும். அவன் பைக்கும் பக்கத்தில் நிற்கும். இது போதாதா, நாற்பது வருஷம் டிரைவர்களைச் சந்தேகப்பட்ட புத்திக்கு? கிலோமீட்டர் சரியாக இருக்கிறது, பெட்ரோல் மட்டும் பன்னிரண்டு லிட்டர் அதிகம் போகிறது. லாரியில் இதற்கு எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

வீட்டில் சொல்லவில்லை. பங்க்கில் சொன்னேன். நாலாவது ஞாயிறு முப்பத்துநாலு லிட்டர் பிடித்தபோது மேனேஜர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பதிமூணு பாதியாச்சு போல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். ஆறேழு பேர் டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். என் எண் பொய் என்று ஆகிவிடக் கூடாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வண்டி பதிமூணுதான்வே குடுக்கு. அதுக்கு ரெண்டு வீட்டுல சாப்பாடு. சங்கரன்கோவில்ல நான் ஊட்டுதேன், வாசுதேவநல்லூர்ல கறந்துக்கிடுதாவ."

அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒருவருக்குப் புரை ஏறியது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கட்டிக் கொடுத்த இடத்தில் தன் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை, பிறந்த வீட்டுக்குத் திருடிக் கொடுக்கிறவள் என்று, அவள் இல்லாத இடத்தில், ஒரு டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அதோடும் நிறுத்தவில்லை. சொன்ன பிறகு அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. மறுநாள் அவள் லீவு. என் லாரிகளுக்குப் பாடி வேலை செய்கிற பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். பெட்ரோல் மூடிக்கு மேலே உள்ள தகட்டுக்குப் பூட்டு மாட்ட வளையம் வைக்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இது காரு. லாரி இல்ல," என்றான் பட்டறைக்காரன். "பாடியில ஓட்ட போடணும். பெயிண்ட் போயிரும். நல்லாவே இருக்காது."

"போடுவே."

"உள்ள லிவர் இருக்குல்லா? அத இழுத்தாத்தான் மூடியே தெறக்கும்?"

"அந்த லிவர் யாரு கையில இருக்குன்னுதான் பிரச்சன."

 வெள்ளை நிறக் காரின் பக்கவாட்டில் இரண்டு இரும்பு வளையம், அதில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. சாவியை இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டேன். மறுநாள் காலை மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்தாள். 

"பூட்டு எதுக்கு மாமா?"

"களவாணிப் பயலுவ ஜாஸ்தியாயிட்டானுவம்மா."

"எங்க?"

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அன்றைக்கு ஒரு எழுத்தும் கூடவில்லை.

சாயங்காலம் அவள் என் மனைவியிடம் சொல்வது ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் டிரைவர் காரைச் சுற்றி வந்து, "ஏக்கா, உள்ள நகையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். நர்ஸ் ஒருத்தி, "ஒங்க மாமனாரு ஒங்களுக்கு எப்பப் பூட்டுப் போடப் போறாரு?" என்றாளாம். அவள் சிரித்துச் சமாளித்ததாகச் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

என் மனைவி நேராக என்னிடம் வந்தாள். "அவ வண்டியவா ஓட்டுதா? ஒங்க பெருமையையில்லா ஓட்டுதா. அதுக்குப் பூட்டு வேறயாக்கும்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்க்கில் பூட்டைத் திறந்தேன். ஒரு கீறல் இல்லை. யாரும் தொடவில்லை. லீவு எடுத்த திங்கட்கிழமையைக் கழித்தால் ஐந்து நாள் ஓட்டம், இருநூற்று இருபத்தைந்து. பிடித்தது இருபத்தெட்டு லிட்டர். நின்ற இடத்திலேயே எட்டு எட்டாகக் கழித்தேன். அவள் சொன்ன அதே எட்டு. நான் போட்ட பூட்டே சாட்சி சொல்லிவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பூட்டை மறுபடி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் திருடவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பூட்டைப் பூட்டியது இந்தக் கைதான். முதலில் போட்டது அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவது தடவை பூட்டியதற்கு என்னிடம் பதில் இல்லை. கழற்றினால் நான் தோற்றேன் என்று ஆகும், வேறொன்றும் இல்லை.

பங்க்கில் சொன்ன பேச்சு பத்து நாளில் வாசுதேவநல்லூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் காலை என் ஷெட்டில் டிரைவர்கள், லோடுமேன்கள் எல்லாம் இருக்கும்போது மருமகளின் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். என் முன்னால் பைக்கை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்தான்.

"மாமா, வாங்க. மோந்து பாருங்க."

"என்னப்பா இது?"

"ஒங்க பெட்ரோல் வாசம் ஒங்களுக்குத் தெரியும்லா? வாசம் வருதான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க. வந்தா வண்டிய இங்கனயே விட்டுட்டு நடந்து போறேன்."

என் டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அத்தனை பேரையும் நான் மிரட்டி வேலை வாங்கிய இடம் அது.  அவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மூடியை மாட்டிக்கொண்டு போனான். போகும்போது உரக்கக்கூடப் பேசவில்லை. "அக்காவுக்குக் கறிக்கொழம்பு கொண்டாந்து குடுத்தது தப்பாப் போச்சு," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் மருமகள் கார் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஸ்கூட்டரை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தோம். அதுவும் என் யோசனைதான்.

"நான் எடுத்தேன்னு நெனச்சா என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க மாமா. எடுக்கலன்னு தெரிஞ்சா, எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க."

"எல்லாரும் வேடிக்கையாப் பேசுத எடம்மா அது."

"எந்தம்பி வேடிக்கைக்குக் களவாணியா?" மேஜையிலிருந்த சாவியை என் பக்கம் தள்ளினாள். "வார ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். இல்லன்னா நானும் பிள்ளையும் வாசுதேவநல்லூருக்குப் போயிருவோம். எனக்கு அங்கயிருந்து ஒரே பஸ்ஸுதான்."

அன்று முதல் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். மகனுக்குச் சொன்னாளா என்று தெரியாது. அவன் கப்பலிலிருந்து பேசும்போது என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பங்க்கில் போய் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வது எனக்கு ஆகிற காரியமா? இரண்டு நாள் தவித்தேன். அப்படியே சொல்வதாக இருந்தாலும், என் கண்ணால் பார்த்து, என் காலால் ஓட்டி, அந்த எட்டை நானே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பட்டது. கடைசி மூலையில் ஒரு நப்பாசையும் இருந்தது. நான் ஓட்டினால் ஒருவேளை பதிமூன்று கொடுத்துவிடுமோ என்று. கொடுத்துவிட்டால் அவள் ஓட்டுவது சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்.

அவளிடம் இன்னும் ஒரு வாரம் பொறு என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை தட்ட நிரப்பி, திங்கட்கிழமை எட்டு மணிக்கு, அவள் கிளம்புகிற அதே நேரத்துக்குக் கிளம்பினேன். சுகாதார நிலையம் வரை போய், பக்கத்தில் என் தோப்பில் பகல் பூராவும் இருந்துவிட்டு நாலரைக்குத் திரும்பினேன். அவள் போட்டுக்கொண்டு போன மாதிரியே ஏசி போட்டேன். ஆறு நாளும் அப்படி.

ஒரு தீப்பெட்டிக் குச்சிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேகத்தடை ஒன்று தாண்டினால் ஒரு குச்சி அடுத்த சீட்டுக்கு. சுகாதார நிலையம் வரும்போது அந்த சீட்டில் முப்பத்தேழு குச்சி கிடந்தது. போகும்போது மட்டும் முப்பத்தேழு. எத்தனையோ தடவை அந்த ரோட்டில் போயிருப்பேன், ஒரு தடவையும் எண்ணியதில்லை. ரயில்வே கேட்டில் கார் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டு குடித்தது. அந்தச் சத்தமில்லாததைத்தான் நான் சொகுசு என்று கொண்டாடினேன். ஆட்டு மந்தைக்கு நிற்க வேண்டும், பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். இரண்டு டன் இரும்பை முப்பத்தேழு தடவை நிறுத்தி முப்பத்தேழு தடவை கிளப்ப வேண்டும்.

அப்போதுதான் என் உடம்புக்கு அது புரிந்தது. மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில், ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் அரைக் கிலோமீட்டர் நடந்துவிடலாம். அதே மூட்டையை ஐம்பது அடிக்கு ஒருதரம் இறக்கி ஏற்றச் சொன்னால் பத்தாவது தடவை நெஞ்சு அடைக்கும். தூரம் ஒன்றுதான், தூக்குவதுதான் கொல்லும். இது தெரியாதவனா நான்? எனக்குத் தெரிந்ததை வைத்தே அவள் சொன்னதை நம்பியிருக்கலாம்.

மூன்றாவது நாள் ஒன்று நடந்தது. எனக்கு முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி என் மருமகள் என்று தெரிந்தது. தோளில் பை, ஒரு கையில் டிபன். பஸ் குலுங்கும்போது பக்கத்துப் பெண்மீது சாய்ந்து நிமிர்ந்தாள். பின்னால் இவ்வளவு பெரிய காரில் நான் ஒருத்தன் மட்டும். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நானும் நின்றேன். முந்திப் போக இடம் கிடைத்தும் போகவில்லை. போனால் அவள் காரைப் பார்ப்பாள். பின்னால் இருந்தாலும் பார்ப்பாள். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் குனிந்து கியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் என் பழைய வித்தையையும் காட்டிப் பார்த்தேன். கிளீனர் காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம்: இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்து உருட்டுவது. ஒரு கண்மாய்க்கரை இறக்கத்தில் அணைத்தேன். உடனே ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. இரண்டு மிதியில் பிரேக்கும் மரமாகிவிட்டது. எதிரே மினி பஸ். எப்படித் திருப்பினேன் என்று தெரியவில்லை. மினி பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏ பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்தீரா?" என்று கத்திவிட்டுப் போனான். ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வித்தை எதுவும் காட்டவில்லை.

அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு டிரைவரின் நினைவு வந்தது. புனலூருக்குக் காய் ஏற்றிப் போனவன். செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்குகிற ரோடு. அந்த லாரிக்கு நான் எண் வைத்தது திருச்சி ரோட்டில். அவன் எண் வராமல் திரும்பினான். மலை ரோடு முதலாளி, அப்படித்தான் குடிக்கும் என்று சொன்னான். நான் அவனை எல்லோர் முன்னாலும் களவாணி என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன். அவனுக்கு நான் எந்தப் பங்க்கில் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை பங்க்கில் வழக்கமான கூட்டம் இருந்தது. பூட்டைத் திறந்து நிரப்பச் சொன்னேன். முப்பத்துமூன்றரை. மேனேஜர் ஆவலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வாசுதேவநல்லூர்ல இன்னும் கறக்காவளோ?"

"நிறுத்தும்வே," என்றேன். "இந்த வாரம் பூராவும் நான்தான் ஓட்டுனேன். வேற ஒரு ஆளு தொடல. ராயகிரி ரோட்டுல இந்த வண்டி எட்டுதான் குடுக்கு. என் மருமக மூணாவது வாரத்துலயே சொன்னா. நான் கேக்கல. அவ தம்பி ஒரு சொட்டுத் தொடல. இங்கன நின்னு நான் சொன்னது பூராவும் பொய். தப்பு என்னுது."

 ஒருவர், "வீட்டுல சோறு இல்லன்னுட்டாவளோ?" என்றார். சிரித்தார்கள். இன்னொருவர், "பதிமூணு, பதிமூணுன்னு காது புண்ணாப் போச்சேய்யா!" என்றார். இன்னும் சிரித்தார்கள். நான் போகவில்லை. டீ வாங்கி, அவர்கள் சிரித்து முடிக்கிறவரை அவர்கள் நடுவிலேயே நின்று குடித்தேன். அப்படி நிற்கச் சொல்லி என் மருமகள் கேட்கவில்லை. நானாக நின்றேன்.

அங்கிருந்தே பட்டறைக்குப் போய் வளையங்களை அறுத்து எடுக்கச் சொன்னேன். இரண்டு ஓட்டை மிஞ்சியது. பிறகு வாசுதேவநல்லூர். ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது. தம்பி யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பங்க்கில் சொன்னதையும் சொன்னேன். அவன் நகல்களை எண்ணி ஆள் கையில் கொடுத்துவிட்டு, "சரி மாமா," என்றான். உட்காரச் சொல்லவில்லை. இப்போதும் அக்காவைப் பார்க்க வந்தால் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். எங்கள் வாசலில் நிறுத்துவதில்லை. நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

மருமகள் ஊருக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "எத்தன வந்துச்சு மாமா?" என்று கேட்டாள். "எட்டு," என்றேன். "எட்டுக்கு மேல ஒரு துளி," என்று திருத்தினாள். எப்படித் தெரியும் என்றேன். பில் சட்டைப் பையில் இருந்ததாம், துவைக்கப் போடும்போது பார்த்தாளாம். அவளுக்கு வகுக்கத் தெரியும். அவள் சம்பளத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினாள். அதே ரோட்டில், அதே முப்பத்தேழு வேகத்தடையில், அது பதினெட்டு கொடுக்கிறது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய கார் இப்போது தூரத்துக் கல்யாணங்களுக்கு மட்டும் போகிறது.

ஊரில் இந்தக் கதையை ஒரு மாதிரி சொல்கிறார்கள். மாமனாரை மருமகள் பங்க்கில் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தாள் என்று. அவள் பக்கம் எல்லாமே சரிதான், அதில் நான் ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். எட்டைக் கண்டுபிடித்தவள் அவள். போய்ச் சொல்லுங்கள் என்றவளும் அவள். களவாணிப் பட்டம் சுமந்தவர்கள் அவளும் அவள் தம்பியும். அவமானம் பூராவும் என்னுடையது, அதில் யாரிடமும் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் ஆறு நாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னது யாரும் இல்லை. குச்சி எண்ணச் சொன்னது யாரும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ராயகிரியிலேயே யாருக்கும் தெரியாமல் பத்து லிட்டர் பெட்ரோலை டேங்க்கில் ஊற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் பதினொன்று என்று காட்டியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது. வந்தும் செய்யவில்லை. ராயகிரி ரோட்டில் பெரிய பெட்ரோல் வண்டி எட்டுதான் கொடுக்கும் என்று இன்றைக்கு எங்கள் பங்க்கில் யார் சொன்னாலும், அதை ஓட்டிப் பார்த்து வந்து சொன்னவன் நான். கதையைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும், சிரிக்கட்டும். அந்த ஆறு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது என் பங்கு.